இருபத்தேழாம் எலியும் ஏழாம் குதிரையும்

மார்ச் 2

என் ஒரே அக்காவின் ஒரே மகளும், சுண்டெலிகளுக்குக் கிரீடம் சூட்டுபவளும், முப்பத்தொரு நாட்களாக மாமன் போனை எடுக்காத கல்நெஞ்சக்காரியுமான சுண்டுவுக்கு,

வலது கையை நெஞ்சிலும் இடது கையை ராட்டினத்து நெம்புகோலிலும் வைத்து உன் மாமன் உறுதி கூறுகிறேன்: இப்போது சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீ நம்பமாட்டாய். உன் அம்மா முதல் வரியிலேயே “ஆரம்பிச்சுட்டான்” என்று எழுந்து போய்விடுவாள். தபால்காரர் உறையைப் பிரித்துப் படித்தால், ஒட்டிவிட்டு, இப்படி ஒரு கடிதம் தன் பையில் இருந்ததையே மறைத்துவிடுவார்.

கதை இதுதான். என் ராட்டினத்தின் ஏழாம் குதிரை என்னைக் காதலிக்கிறது.

சிரிக்காதே. பத்தொன்பது வருடமாக இந்தப் பூங்காவில் இதே பதினாறு மரக்குதிரைகளைச் சுற்றவிடுகிறேன். நான் சுற்றவிட்ட சுற்றையெல்லாம் பிரித்து நீட்டினால் நிலாவுக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, மிச்சத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். இத்தனை வருடத்தில் எந்தக் குதிரையும் என்னிடம் அத்துமீறியதில்லை. ஏழாவது வெள்ளைக் குதிரை, இடது காது உடைந்தது, கண்ணுக்குப் பதில் ஒரு சின்ன பல்பு வைத்தது. அது சுற்றி வருகிறது. படகுப் பக்கம் போகிறது, ஒன்றுமில்லை. டிக்கெட் கூண்டுப் பக்கம் போகிறது, ஒன்றுமில்லை. சரியாக என் நேரே வரும்போது கண்ணடிக்கிறது. சுற்றுக்கு ஒரு முறை.

நான் சட்டையை மாற்றிப் பார்த்தேன். முறைத்துப் பார்த்தேன். ஒரு நாள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றேன், துண்டுக்கும் கண்ணடித்தது. மேனேஜரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் மீசை கழன்று விழுந்தது. இரண்டு நாள் தேடி, படகுக்கு அடியில் கண்டெடுத்தோம். எதிர்ப்பக்கக் கூண்டில் டிக்கெட் கிழிக்கும் அம்மையாரிடம் சொன்னேன். “ஏன் சார், கண்ணடிக்க உங்களுக்கு ஒரு மரக்குதிரைதான் கிடைச்சுதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார்.

போகட்டும். உன் ஆய்வகத்துக்கு வந்த அன்று, நம் குடும்பம் ஏழு தலைமுறையாக அரண்மனை எலிபிடிப்பவர்கள் என்று உன் தலைவரிடம் நான் சொன்னது தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஏழு அதிகம். ஐந்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த எலிகளின் தலையில் என்னதான் வைக்கிறாய்? அன்று சொல்ல வந்தாய், நான் நடுவில் புகுந்துவிட்டேன். இப்போது சொல். கடிதத்தில் நடுவே புக முடியாது.

குதிரையின் மனம் கவர்ந்த,
மாமா


மார்ச் 7

மாமா,

நான் போனை எடுக்காததற்குக் காரணம் நீங்கள் பொய் சொன்னது இல்லை. அதைத் தலைவர் நம்பியதுதான். போன வாரம் வெளியிலிருந்து வந்தவர்களிடம், “இவங்க பரம்பரையே எலித் தொழில்ல ஊறினது” என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் சும்மா தலையாட்டினேன். ஆக, இப்போது நானும் பொய்க்காரி.

இருந்தாலும் கேட்டீர்கள், சொல்கிறேன். இந்த ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

கிரீடம் இல்லை, மைக்ராஸ்கோப். உங்கள் சுண்டுவிரல் நுனி அளவு, எடை இரண்டு கிராம். எலியின் எடை இருபத்தாறு. மூளையில் ஒரு செல் வேலை செய்யும்போது அதற்குள் கால்சியம் பாயும். கால்சியம் வந்தால் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை அந்த செல்களே உண்டாக்கிக்கொள்ளும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறோம். மைக்ராஸ்கோப்புக்குள் ஒரு நீல விளக்கும் கேமராவும் இருக்கின்றன. நீல ஒளி உள்ளே போகும், பச்சை ஒளி திரும்பி வரும். திரையில் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கிற எலியின் மூளையில் எந்த செல் இப்போது பேசுகிறது என்று தெரியும். கட்டிப்போட்ட எலி இல்லை மாமா. மோப்பம் பிடிக்கிற, மீசையைத் தடவுகிற, திடீரென்று காரணமே இல்லாமல் ஓடுகிற எலி. முதல் நாள் திரையில் பச்சைப் புள்ளிகள் மின்னியதைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. மரியாதைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலையிலிருந்து மெல்லிய கேபிள் மேலே போகிறது. எலி சுற்றச் சுற்ற அது முறுக்கிக்கொள்ளும். அதனால் உச்சியில் ஒரு சுழலும் வளையம், விளக்குக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. பழைய வளையம் இறுக்கம், எலியால் திருப்ப முடியவில்லை. எங்கள் பணிமனையில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார்கள். ஊதினால் சுற்றும்.

இப்போது யாரிடமும் சொல்லாத ஒன்று. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இருபத்தேழாம் எண் எலியில் பதினோரு செல்கள், அது சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பும்போது மட்டும் ஒளிர்கின்றன. கதவுப் பக்கம் பார்த்தால் இல்லை, அலமாரிப் பக்கம் இல்லை. சன்னல் பக்கம் மட்டும். மூளையின் இந்த மூலையில் இப்படி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வரும் இருபத்தெட்டாம் தேதி மதிப்பீட்டுக் குழு முன்னால் காட்டுகிறேன். பிடித்துப்போனால் இன்னும் மூன்று வருடம் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் ஏழாம் குதிரைக்கு என் வாழ்த்துகள். பாவம் அது.

சுண்டு


மார்ச் 10

பதினோரு செல்களின் பேரரசியே,

உன் கடிதத்தைப் படித்ததும் ராட்டினத்தை நிறுத்திவிட்டேன். சுற்றிக்கொண்டிருந்த முப்பது பேரும், “என்ன சார் ஆச்சு?” என்று கத்தினார்கள். “என் மருமக எலி மனசைப் படிச்சுட்டா!” என்றேன். முப்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். இரண்டு குதிரைகள் கனைத்தன. பூங்காவின் பலூன்கள் எல்லாம் தாமாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு உன் ஆய்வகம் இருக்கும் திசையில் பறந்தன. சன்னலைத் திறந்து பார், வந்திருக்கும்.

யாரிடமும் சொல்லாதது என்றாயே, நானும் சொல்லவில்லை. ராட்டினத்தில் இருந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு உன் பெயர் தெரியாது.

ஆனால் அன்பே, படித்துக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் என் மூக்கு அரித்தது. இந்த மூக்கு சாதாரண மூக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். முந்நூறு மைலுக்கு அப்பால் கருகும் ஒயரை மோந்து சொல்லும். ‘ஊதினால் சுற்றும்’ என்று எழுதியிருந்தாயே, அந்த இடம்தான்.

ராட்டினத்தில் விளக்கு எப்படி எரிகிறது என்று நினைத்தாய்? நடுத்தூணில் செம்பு வளையம். சுற்றுகிற தட்டில் ஒரு கார்பன் துண்டு, ஸ்பிரிங் வைத்து வளையத்தை அழுத்திக்கொண்டே சுற்றும். கரண்ட் அது வழியாகத்தான் போகிறது. அழுத்தினால்தான் பிடிக்கும். அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் இருந்தால், வளையத்தில் எங்கே ஒரு பொட்டு அழுக்கு இருக்கிறதோ அங்கே வரும்போதெல்லாம் துள்ளும். விளக்கு ஒரு கணம் மங்கும், திரும்ப வரும். சுற்றுக்கு ஒரு முறை. எப்போதும் ஒரே பக்கம்.

உன் எலியும் என் குதிரையின் ஒன்றுவிட்ட சகோதரனோ என்னவோ. சன்னலைப் பார்த்துக் கண்ணடிப்பது எலியா, வளையமா? மன்னர்களுக்கும் மருமகள்களுக்கும் ஆலோசனை சொல்லியே நரைத்த மாமன் கேட்கிறேன், கொஞ்சம் பாரேன்.

மூக்கரித்த,
மாமா


மார்ச் 13

மாமா,

உங்கள் பொய்களில் எனக்குச் சிரிப்பு வராத முதல் பொய் இதுதான்.

இது ராட்டினம் இல்லை. பின்னணி ஒளி ஏறி இறங்குவதையெல்லாம் நாங்கள் கழித்துவிட்டுத்தான் செல்களைப் பார்க்கிறோம். அதற்கென்றே ஒரு கணினி நிரல் இருக்கிறது. அறுபத்து மூன்று செல்களில் பதினொன்று மட்டும்தான் இப்படி ஒளிர்கின்றன. விளக்கு மங்கியிருந்தால் அறுபத்து மூன்றும் அல்லவா ஆடியிருக்கும்? இதை நான் யோசித்திருக்கமாட்டேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

எனக்கு ஆறு வயதில் ஒரு தகரப் பெட்டி கொடுத்தீர்கள். உள்ளே வானவில்லை மடித்து வைத்திருக்கிறேன், மூன்று நாள் திறக்கக் கூடாது, திறந்தால் சாயம் போய்விடும் என்றீர்கள். மூன்று நாள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். உள்ளே உங்கள் காலுறை இருந்தது. ஒன்று மட்டும். ஜோடிகூட இல்லை.

அன்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இந்தப் பதினோரு செல்கள் எனக்கு இரண்டு வருட வேலை. இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. இதை வைத்து விளையாடாதீர்கள். இருபத்தெட்டாம் தேதி வரை எனக்கு எழுதவும் வேண்டாம்.

சுண்டு


மார்ச் 15

சுண்டு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

குதிரை என்னைக் காதலிக்கவில்லை. அதன் கண் பல்பு மட்டும் பழைய வளையத்தில் இருக்கிறது. அந்த வளையத்துக்கு ஒரே ஒரு கார்பன், ஸ்பிரிங் தளர்ந்துபோனது. வளையத்தில் என் பக்கம் ஒரு அழுக்குப் பொட்டு. எனக்கு முதலிலிருந்தே தெரியும். வேடிக்கையாக இருந்ததால் சரிசெய்யவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு நேற்று மதியம் பூங்கா திறக்கும் முன் அந்த வளையத்தைத் தளர்த்தி அரைச்சுற்று திருப்பி முடுக்கினேன். இப்போது குதிரை என் பக்கம் கண்ணடிப்பதில்லை. நேர் எதிரே, டிக்கெட் கூண்டுப் பக்கம் கண்ணடிக்கிறது.

உன் நிரல் எனக்குப் புரியாது. செல்களும் புரியாது. உன் வளையத்தையும் அரைச்சுற்று திருப்பிப் பார். பதினொன்றும் சன்னலிலேயே நின்றால் நான் முட்டாள், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கதவுப் பக்கம் போய்விட்டால், குழு கண்டுபிடிப்பதற்கு முன் நீ கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

இது கதை இல்லை.

மாமா


மார்ச் 19

மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நிலா இல்லை, பலூன் இல்லை, மீசை இல்லை. பயந்துவிட்டேன். உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று அம்மாவிடம் போன் செய்து கேட்டேன். “நல்லாத்தான் இருக்கான், ஆனா ரெண்டு நாளா ஒண்ணுமே அளக்கல. நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமான்னு பாக்கறேன்” என்றார். அதற்குப் பிறகுதான் ஆய்வகத்துக்குப் போனேன்.

முதலில் எலியை எடுக்கவில்லை. ஒரு காகிதத் துண்டில், நீல ஒளியில் மின்னும் பச்சை மார்க்கரால் புள்ளிகள் வைத்தேன், சில அழுத்தமாக, சில லேசாக. மைக்ராஸ்கோப்பை அதன் மேல் பொருத்தி, கேபிளோடு கையில் பிடித்துக்கொண்டு, எலி சுற்றுகிற மாதிரியே மெதுவாகச் சுற்றினேன். அலமாரி, கதவு, ஒன்றுமில்லை. சன்னல் பக்கம் வந்ததும் புள்ளிகள் ஒரு கணம் மங்கி, பளிச்சென்று ஒளிர்ந்தன.

மாமா, காகிதம் சன்னலைப் பற்றி யோசித்தது.

நிரலிலும் போட்டுப் பார்த்தேன். அழுத்தமான புள்ளிகள் மட்டும் நிரலைத் தாண்டி வந்தன, லேசானவை கழிந்துபோயின. விளக்கு மங்கிவிட்டுத் திரும்ப வருவதை நிரல் ‘ஒளிர்ந்தது’ என்று எடுத்துக்கொள்கிறது. என் பதினொன்றும் அறுபத்து மூன்றிலேயே அதிகப் பிரகாசமான செல்கள். அதைக்கூட நான் பெருமையாகக் குறித்து வைத்திருந்தேன்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. எலிகளுக்குத் தீனி வைக்கிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பிறகு நீங்கள் சொன்னபடி வளையத்தை அரைச்சுற்று திருப்பிவிட்டு, இருபத்தேழை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு செல்லாகக் கதவுப் பக்கம் போய்விட்டது. பத்தும் போய்விட்டன.

பதினொன்றாவது போகவில்லை. அது இன்னும் சன்னல் பக்கம்தான் ஒளிர்கிறது.

தலைவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். “இருபத்தெட்டுக்கு முன்னாடி சொன்னியே, அது பெரிசு” என்றார். பிறகு, “அந்த ஒண்ணு நிக்குமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வளையத்தைச் சரிசெய்து திரும்ப எடுத்தால்தான் தெரியும். பணிமனையில் கேட்டால், அழுத்தத்தைக் கூட்டலாம், ஆனால் எலி சுற்றாது என்கிறார்கள். அழுத்தினால் எலி நின்றுவிடுகிறது, அழுத்தாவிட்டால் விளக்கு துள்ளுகிறது. ஒன்பது நாள் இருக்கிறது. என்ன செய்வது மாமா?

போன கடிதத்தில் நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

சுண்டு


மார்ச் 21

யோசிக்கும் காகிதத்தைக் கண்டுபிடித்த, உலகின் முதலும் கடைசியுமான விஞ்ஞானியே,

அக்காவிடம் சொல், வைத்தியம் வேண்டாம். வாயும் வயிறும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. இன்று காலையிலேயே, மேனேஜரின் மீசை இப்போது தனியாக வேலைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறது என்று நான்கு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

அழுத்தத்தைக் கூட்டாதே. கார்பனைக் கூட்டு. என் புது வளையங்களில் எல்லாம் எதிரெதிரே இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டும் லேசாகத்தான் தொடும், பூனை கால் வைக்கிற மாதிரி. ஒன்று அழுக்கில் துள்ளும்போது எதிரே இருப்பது பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் துள்ளுவதற்கு வாய்ப்பே இல்லை, அழுக்குகள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால் ஒழிய. விளக்கு அசையாது. எலிக்கும் பாரம் தெரியாது.

மாதிரிக்கு இரண்டு கார்பனை அரிசிமணி அளவுக்கு ராவி அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக ஒரு தகரப் பெட்டியில், காலுறையில் சுற்றி வைத்திருக்கிறேன். பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துகொள்வாய். காலுறை அந்த இன்னொன்று. இருபத்திரண்டு வருடம் கழித்து ஜோடி சேர்த்துவிட்டேன், இனி குறை சொல்லாதே. உடனே திறக்கலாம், சாயம் போகாது.

இங்கே ஒரு சிக்கல். நான் வளையத்தைத் திருப்பியதிலிருந்து குதிரை டிக்கெட் அம்மையாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்று சொன்னேன் அல்லவா? நேற்று அவர் கூண்டைப் பூட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“சார், உங்க குதிரைக்கு ஒழுக்கம் போதாது. ஒரு வாரமா என்னையே பாத்துக் கண்ணடிக்குது.”

“மன்னிக்கணும் மேடம். மாத்திடறேன்.”

“மாத்துங்கன்னு நான் சொன்னேனா?”

போய்விட்டார். நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாக, பதிலுக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. இரண்டு சுற்று கூடுதலாக ஓட்டிவிட்டேன். இறங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஒன்று நிற்கும். நிற்காவிட்டாலும் நீ நிற்பாய்.

கார்பன் சக்கரவர்த்தி,
மாமா


மார்ச் 29

மாமா, மாமா, மாமா,

அந்த ஒன்று நின்றுவிட்டது.

பணிமனைக்காரர் உங்கள் அரிசிமணிகளை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “யாரு ராவினது? கையாலயா?” என்று கேட்டார். அதே மாதிரி இரண்டு தொடுமுனை வைத்து, எதிரெதிரே பொருத்திக் கொடுத்தார். காகிதத்தை வைத்துச் சுற்றினேன். காகிதம் யோசிக்கவில்லை, எந்தப் பக்கமும். காகிதம் காகிதமாக இருந்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாருக்கும் விளக்க முடியாது.

இருபத்தேழை நான்கு நாள் எடுத்தேன். பத்து செல்கள் அடங்கிவிட்டன, அதாவது அவை வேறு வேலை பார்க்கின்றன, சன்னலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பதினொன்றாவது, அதே செல், எலி சன்னல் பக்கம் திரும்பினால் ஒளிர்கிறது. வளையத்தை எப்படித் திருப்பினாலும் அது சன்னலை விடவில்லை. முப்பத்தோராம் எலியிலும் அதே மூலையில் இரண்டு கிடைத்திருக்கின்றன. மொத்தம் மூன்றே மூன்று. ஆனால் மூன்றும் நிஜம்.

நேற்று குழு முன்னால் முதல் படமாகக் காகிதத்தைத்தான் போட்டேன். “இது என் முதல் கண்டுபிடிப்பு. இந்தக் காகிதத்துக்குத் திசை தெரியும்” என்றேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான பேராசிரியை சிரிக்க ஆரம்பித்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எத்தனை ஆய்வகத்துல இந்தக் காகிதம் இன்னும் யோசிச்சுட்டு இருக்கோ!” என்றார். அதற்குப் பிறகு நான் காட்டிய மூன்று செல்களை யாரும் சந்தேகப்படவில்லை.

மூன்று வருடம் கொடுத்துவிட்டார்கள் மாமா!

வளையத்தின் கோளாறை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள். “என் மாமா. ராட்டினம் ஓட்டறார்” என்றேன். அதே மூச்சில் தலைவர் பக்கம் திரும்பி, எலிபிடிக்கிற பரம்பரை எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர், “அன்னைக்கே தெரியும்மா. நல்லா இருந்துச்சு, அதனால வச்சுக்கிட்டேன்” என்றார்.

இருபத்தேழுக்கு ஒரு ஓடும் சக்கரம் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

இன்றிலிருந்து போனை எடுக்கிறேன். ஆனால் முதலில் ஒன்றுக்குக் கடிதத்திலேயே பதில் சொல்லுங்கள். என் பதினொன்றில் ஒன்றுதான் நிஜம். அப்படியானால் நீங்கள் எனக்கு எழுதியதில் எது நிஜம்? அம்மாவும் கேட்கச் சொன்னார். குறிப்பாக அந்த டிக்கெட் அம்மையார் விஷயம்.

உங்கள் சுண்டு


ஏப்ரல் 4

மூன்று வருடத்துக்கு அசைக்க முடியாத என் தங்கமே,

செய்தி வந்ததும் ராட்டினத்தைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டேன். ஏறியவர்கள் எல்லாம் நான்கு வயது குறைந்து இறங்கினார்கள். ஒருவருக்குப் பால்பல் முளைத்துவிட்டது. அவரை வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இனி ஒப்புதல் வாக்குமூலம். நம் வம்சத்தில் ஒருவரும் எலி பிடித்ததில்லை. உன் தாத்தா எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுவார். முப்பது பேர் எழுந்து கைதட்டவில்லை, ஆறு பேர்தான் இருந்தார்கள், “வண்டிய எடுங்க சார்” என்று திட்டினார்கள். பலூன் பறக்கவில்லை. மேனேஜருக்கு மீசையே கிடையாது. முந்நூறு மைல் மூக்குக்கு நேற்று என் சட்டை கருகியதே தெரியவில்லை. குதிரைக்கு என்மேல் ஒன்றும் இல்லை, எல்லாம் அழுக்கு.

ஒரே நாளில் இத்தனை உண்மை இந்த உடம்புக்கு ஆகாது.

போன சனிக்கிழமை, ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாமே சும்மா இருக்கக் கூடாதென்று, ஏழாம் குதிரையின் வளையத்தைத் துடைத்து எதிரெதிரே இரண்டு கார்பன் போட்டேன். கண் நிலையாக எரிந்தது. யாரையும் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டிக்கெட் அம்மையார் கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன சார், குதிரைக்கு எம்மேல கோபமா?”

“ரிப்பேர் பண்ணிட்டேன் மேடம்.”

“உங்கள யாரு பண்ணச் சொன்னா?”

திரும்பிப் போய்க் கூண்டில் உட்கார்ந்துகொண்டார். நான் நெம்புகோலைத் தள்ளினேன். குதிரைகள் கிளம்பின. ஏழாம் குதிரை கூண்டைத் தாண்டிய அந்த நொடியில், கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் நம்பவில்லை. கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். உன் மாமன் இப்போது அறிவியல்காரன் அல்லவா, சோதிக்காமல் விடுவேனா? நெம்புகோலை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, படகுப் பக்கம் போய் நின்றேன். அடுத்த சுற்று வந்தது.

கண்ணடிப்பு என் பின்னாலேயே படகுப் பக்கம் வந்தது.

மூன்று முறை இடம் மாறினேன். மூன்று முறையும் வந்தது. கடைசியில் அவர் கூண்டுக்குள்ளிருந்து சத்தமாகவே கேட்டார்: “எத்தனை தடவ சார் நிரூபிக்கணும்?”

அக்காவிடம் சொல், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராக வருகிறோம். நம்பமாட்டாள். பரவாயில்லை. வளையக் கணக்கை விட்டால், நான் உனக்கு எழுதிய அத்தனையிலும் இந்தச் சின்ன இடம் ஒன்றுதான் நடந்தது.

மாமா